நடுக்கோட்டில் இரண்டு பற்கள்

"ஒரு சமுதாயத்தின் மேன்மை அதன் ஈறுகளில் வேரூன்றி நிற்கிறது."

பல் மற்றும் ஈறு நல உயர் நிலையத்தின் வாசலில், ஆள் உயரக் கருங்கல்லில், பொன்னெழுத்தில் இப்படிப் பொறித்து வைத்திருந்தார்கள். பதித்த இரண்டாம் மாதமே கல் ஆட ஆரம்பித்துவிட்டதால், பின்பக்கம் இரண்டு செங்கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

தையற்காரி அந்தக் கல்லைக் கடந்து உள்ளே போக நேர்ந்ததற்குக் காரணம் ஒரு சட்டைக் காலர். அவளுக்கு நாற்பத்தைந்து வயது. கடைவீதியில் ஒரு மெஷின், ஒரு மேஜை, ஒரு கண்ணாடி. இருபத்தைந்து வருஷமாக நூலைப் பல்லால்தான் அறுக்கிறாள். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கும். ஆனால் பல் அதைவிடப் பக்கத்தில் இருக்கிறதே. அன்றைக்கு ஒரு வெள்ளைச் சட்டைக்குக் காலர் வைத்து முடித்து, நூலைக் கடித்து அறுத்து, வாடிக்கையாளரிடம் நீட்டினாள். அவர் காலரில் இருந்த சிவப்புப் பொட்டைப் பார்த்தார். பிறகு அவள் வாயைப் பார்த்தார். பிறகு சட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

"ஆறு மாசமா நான் சொல்லிக்கிட்டேதானே இருக்கேன்," என்றான் அவள் புருஷன். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"நீங்க எங்கே சொன்னீங்க?"

"வாயால சொல்லலை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். புரிஞ்சுக்க வேணாமா?"

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். அன்றைக்குக் கண்ணாடிமுன் நின்று, கீழ்வரிசையின் நடுப்பற்கள் இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் ஆடின. உடனே அவளுக்கு அக்காவின் ஞாபகம் வந்தது.

அக்கா சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். மூன்று வருஷத்துக்கு முன்பு இதே மாதிரி ஈறில் ரத்தம் வந்து நிலையத்துக்குப் போனாள். பதினோரு மாதம் நடந்துவிட்டு, வெறும் வாயோடும் ஒரு சான்றிதழோடும் திரும்பி வந்தாள். பல் செட் கொடுத்திருந்தார்கள். அது விசேஷ நாட்களில் அக்கா வாயிலும், மற்ற நாட்களில் ஒரு டம்ளரிலும் இருந்தது. இப்போதெல்லாம் யாராவது ஏதாவது சொன்னால் அக்காவின் கை முதலில் வாய்க்குப் போகும். சிரிப்பு பின்னால் வரும். பல நேரம் கை போனதுமே சிரிப்பு வராமல் நின்றுவிடும்.

"போய்ப் பாருடி," என்றாள் அக்கா. "ஆனா எதுலயும் கையெழுத்து மட்டும் போட்டுடாதே. நான் போட்டேன்."

தையல் வேலை செய்பவர்கள் சங்கத்தின் வைத்திய அட்டை அந்த நிலையத்தில் மட்டுமே செல்லும். அதனால் தையற்காரிக்குப் போக வேறு இடம் இல்லை. தன் பற்கள் இருபத்தெட்டோடும் உள்ளே போனாள். அதே இருபத்தெட்டோடு வெளியே வருவது என்று வாசலிலேயே முடிவு செய்துகொண்டாள்.

சீட்டு எழுதுகிறவர் தலை நிமிராமல் கேட்டார். "எந்தப் பிரிவு?"

"வாய்ங்க."

"வாய்னு இங்கே பிரிவு கிடையாதும்மா."

அப்போதுதான் அவளுக்கு விவரம் தெரிந்தது. நிலையத்தில் நான்கு பிரிவுகள்: மேல் வலது, மேல் இடது, கீழ் வலது, கீழ் இடது. மேல் தாடைப் பிரிவுகள் மாடியில், கீழ் தாடைப் பிரிவுகள் தரைத்தளத்தில். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு அலுவலகம், ஒரு முத்திரை, சொந்தமாக ஒரு சுவர்க் கடிகாரம். கட்டிடமே, ஒரு ஆள் நம்மைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்பதுபோலக் கட்டப்பட்டிருந்தது. ஆகவே வலது பிரிவுகள் இடது பக்கம் இருந்தன. இதைப் புரிந்துகொள்ளவே அவளுக்கு முதல் நாள் போதவில்லை.

மேல் வலதில் ஒருவர், நுனியில் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு, ஏழு பற்களை அளந்து, "ஐந்து மில்லிமீட்டர்" என்று எழுதினார். எட்டாவது பல்லுக்குக் கம்பி போகப் பார்த்தபோது, சுடுகிற பாத்திரத்தைத் தொட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். "அது அடுத்தவங்க பல்லு. நாங்க தொடக்கூடாது." மேல் இடதில் ஆறு. படியிறங்கிக் கீழ் இடதுக்குப் போனாள். அங்கே மேல் மாடியின் அளவுச் சீட்டில் முத்திரை இல்லை என்றார்கள். படியேறினாள். முத்திரை வைப்பவர் சாப்பிடப் போயிருந்தார். லிஃப்ட் இருந்தது, ஆனால் ஓடவில்லை. அது கீழே பாதி நேரமும் மேலே பாதி நேரமும் இருப்பதால் அதைப் பராமரிப்பது தங்கள் பொறுப்பல்ல என்று மேல், கீழ் இரு தரப்பும் ஆறு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் நடுப்பற்களில் வந்து நின்றது விஷயம். கீழ்வரிசையின் நடுப்பல் ஒன்று வலதுடையது, அடுத்தது இடதுடையது. அதில் சண்டையில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஈறு, பிரிவு பார்த்து நிற்கவில்லை. அது பாட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிருந்தது. நோய் அங்கேதான் அதிகம்.

"இந்த ஈறுக்கு உரிமையாளர் யாருன்னு தெரியாம அளக்க முடியாது," என்றார் கீழ் வலது. தலைவர்களை அங்கே பிரிவின் பெயராலேயே அழைத்தார்கள்.

"நான்தாங்க," என்றாள் தையற்காரி.

அதை அவர் பதிவு செய்துகொள்ளவில்லை.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. பற்களை மரக்கச் செய்யும் ஊசி போடும் இடம். நான்கு பிரிவுக்கும் பொது என்பதால் அதற்குச் சன்னலோ நாற்காலியோ ஒதுக்கப்படவில்லை. அங்கே இருந்தவரை எல்லோரும் ஊசி டாக்டர் என்றார்கள். ஐம்பது வயதுப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடுகிற பழக்கம் உள்ளவர். தையற்காரியின் வாயை விளக்குப் போட்டுப் பார்த்தார். பிரிவு கேட்கவில்லை; மொத்தமாகப் பார்த்தார். அவள் வாயை முழுதாகப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

"பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல ஒரு சின்னப் பை மாதிரி இருக்கும்மா. மூணு மில்லிமீட்டருக்குள்ள இருந்தா நல்லது. உங்களுக்கு அஞ்சு, ஆறு. உள்ளே பற்காரை படிஞ்சு கல்லாயிருக்கு, அதுல கிருமி குடித்தனம் பண்ணுது. மரக்க ஊசி போட்டு, வேர் வரைக்கும் சுரண்டி வழிச்சு எடுக்கணும். அப்புறம் ஒரு வாரம் கிருமி மாத்திரை. காரையை எடுக்காம மாத்திரையை மட்டும் முழுங்கினா, துரு மேலேயே பெயிண்ட் அடிச்ச மாதிரிதான்."

"பல்லு நிக்குமா டாக்டரம்மா?"

"இப்பவே செஞ்சா நிக்கும். இன்னும் ரெண்டு மூணு மாசம் விட்டா, கீழே நடுவுல இருக்கிற ரெண்டுக்கும் நான் பொறுப்பில்லை."

"எத்தனை நாள் வேலை?"

"ரெண்டு மத்தியானம்."

"அப்ப செய்ங்களேன்!"

ஊசி டாக்டர் கண்ணாடியைத் தேடினார். "எனக்கு ஊசி போட மட்டும்தான் அனுமதி."

அவர் ஒரு காலத்தில் மேல் இடதில் சிகிச்சை செய்தவர். எட்டு வருஷத்துக்கு முன், கூட்டமில்லாத ஒரு மழை நாளில், ஒரு லாரி டிரைவரின் வாய் முழுவதையும் ஒரே நாளில் சுத்தம் செய்துவிட்டார். நான்கு பிரிவுகளும் சேர்ந்து விசாரித்தன. நோயாளி குணமடைந்துவிட்டதால் குற்றம் சந்தேகமின்றி நிரூபணமானது.

தையற்காரி நடக்க ஆரம்பித்தாள். ஈறு காப்பதற்கான வெள்ளைத் தாளில் பதினேழு கையெழுத்து வேண்டும். பல் பிடுங்குவதற்கான இளஞ்சிவப்புத் தாளில் ஒரே ஒரு கையெழுத்து, அதுவும் அவளுடையது. ஒவ்வொரு மேஜையிலும் வெள்ளைத் தாளைக் கொடுத்தாள். ஒவ்வொரு மேஜையிலும் இளஞ்சிவப்புத் தாளைப் பேனாவோடு நீட்டினார்கள்.

"பிடுங்கிட்டா பிரச்சினையே இல்லை பாருங்க," என்றார் கீழ் இடது. அன்பானவர்; பேசும்போது நோயாளியின் தோளைத் தட்டுவார். "பல்லு இருந்தாத்தானே ஈறு நோய்? பல்லே இல்லாத ஒருத்தருக்கு ஈறு நோய் வந்ததா எங்க பதிவுல ஒரு கேஸ் காட்டுங்க. போன வருஷம் எங்க பிரிவுல குணமடைஞ்சவங்க தொண்ணூத்தேழு சதவிகிதம். அத்தனை பேரும் இப்படித்தான் குணமானாங்க."

"எங்க அக்காவும் அப்படித்தான் குணமானா."

"பாத்தீங்களா!" என்றார் அவர் மகிழ்ச்சியோடு.

மேல் வலது அப்படியல்ல. உயரமானவர், நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், கோப்பைத் திறக்காமலே விரலால் தடவிப் பார்ப்பார். பதினோராவது கையெழுத்து அவருடையது. நான்காம் முறையாக அவள் போனபோது அவருக்குக் கொஞ்சம் பேச வேண்டும்போல் இருந்தது.

"வாயைத் திறந்து மூடு. என்ன அசைஞ்சது?"

திறந்து மூடினாள். "தாடைங்க."

"எந்தத் தாடை?"

"கீழ் தாடை."

"மேல் தாடை?"

"அசையலைங்க."

"அதுதாம்மா நிர்வாகம்." நாற்காலியில் சாய்ந்தார். "பேச்சு, மெல்லுறது, கொட்டாவி, எல்லாத்துக்கும் ஓடுறது கீழே இருக்கிறவன். மேல் தாடை ஒரு தடவையாவது அசைஞ்சதா சரித்திரம் உண்டா? முப்பத்திரண்டு வருஷமா நான் இந்த நாற்காலியில இருக்கேன். ஒரு கோப்பையும் நான் அசைச்சதில்லை. அதனாலதான் இந்த நிலையம் நிக்குது."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அவள் வெள்ளைத் தாள் அந்த மேஜையில் இருபத்தாறு நாள் நின்றது.

முப்பத்தெட்டாம் நாள் கீழ் வலதுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. சிறந்த பிரிவுக்கான கேடயம் போன தடவை கீழ் இடதுக்குப் போயிருந்தது. சுரண்டி எடுக்கத்தான் பதினேழு கையெழுத்து. மாத்திரை தருவதற்குத் தன் ஒருவர் கையெழுத்துப் போதும். காரையை எடுக்காமல் மாத்திரையால் பயனில்லை என்று ஊசி டாக்டர் சொன்னதைத் தையற்காரி எடுத்துச் சொன்னாள். "ஊசி போடறவங்க மாத்திரை பத்திப் பேசக்கூடாது," என்று கீழ் வலது ஒரு வாரத்துக்கான மாத்திரையை எழுதித் தந்தார். உறையின்மேல் "கீழ் வலது உபயோகத்துக்கு மட்டும்" என்று முத்திரை குத்தியிருந்தது.

அவள் ஒரு மாத்திரை விழுங்கினாள். மறுநாள் காலை நிலையத்திலிருந்து ஆள் வந்தது. விசாரணை.

நீண்ட மேஜைக்கு ஒரு பக்கம் நான்கு தலைவர்கள், நடுவில் இயக்குநர். இயக்குநரிடம் ஒரு கம்பீரம் இருந்தது. பேசும்போது மடித்த வெள்ளைக் கைக்குட்டையை உதட்டருகே பிடித்துக்கொண்டே பேசுவார். அது பெரிய மனிதர்களின் பழக்கம் என்று நிலையத்தில் பலரும் அதைப் பின்பற்றினார்கள்.

மேல் இடது எழுந்தார். "அந்த மாத்திரை எங்கே போச்சு? வயித்துக்கு. வயித்திலிருந்து? ரத்தத்துக்கு. ரத்தம் எங்கே வருது? என் பிரிவுக்கும் வருது! முன் அனுமதியில்லாம என் ஈறுக்குள்ள கீழ் வலதோட மருந்து நுழைஞ்சிருக்கு!"

"என் ஈறு," என்றாள் தையற்காரி.

"உங்க ஈறா இருக்கலாம். என் எல்லை."

கீழ் வலது நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மாத்திரை தன் எல்லையைத் தாண்டும் என்று தாம் எதிர்பார்க்கவில்லை என்றும், உறையில் தெளிவாக அச்சிட்டிருந்ததாகவும் வாக்குமூலம் கொடுத்தார்.

இயக்குநர் கைக்குட்டையைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"நான் பொறுப்பேத்தப்ப இங்கே ஒரே பிரிவுதான் இருந்தது. நினைச்சுப் பாருங்க அந்த அவலத்தை! நோயாளி காலையில வருவார், சாயங்காலம் குணமாகிப் போயிடுவார். அவர் வந்துட்டுப் போனதுக்கு எங்ககிட்ட ஒரு அடையாளமும் மிஞ்சாது. இன்னைக்கு? ஒரு வாய்க்கு நாற்பத்தொரு ஆவணம். பல்லு போயிடும், ஆவணம் போகாது. ஒழுங்கா இருக்கிற ஈறு எப்படி இருக்கும்னு கேட்கிறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். என்னைப் பாருங்க. ரெண்டு மில்லிமீட்டர். கட்டுப்பாடு!"

பிறகு ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார்கள். 'நான் விழுங்கிய மாத்திரையும் இனி விழுங்கப்போகும் மாத்திரைகளும் கீழ் வலது எல்லைக்குள் மட்டுமே செயல்படும் என்று இதனால் உறுதியளிக்கிறேன்.'

தையற்காரி அதை இரண்டு முறை படித்தாள். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"ஐயா, நான் சட்டை தைக்கிறவ. ஒருத்தர் வந்தா கழுத்து, தோள், கை எல்லாத்தையும் நானே அளக்கிறேன். வலது கைக்கு ஒரு தையற்காரர், இடது கைக்கு ஒருத்தர், காலருக்கு விசாரணைன்னு தைச்சா அதை எந்த மனுஷன் போடுவான்? மாத்திரைக்கு எல்லை தெரியலைன்னா அதைக் கூப்பிட்டு எழுதி வாங்கிக்குங்க. நான் போட மாட்டேன்."

மீதி மாத்திரைகளைப் பறிமுதல் செய்து, ஒரு உறையிலிட்டு, நான்கு மூலையிலும் நான்கு முத்திரை வைத்தார்கள். பிறகு நிலையத்தின் வரலாற்றில் இரண்டாம் முறையாக நான்கு பிரிவுகளும் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தன: நோயாளி எண் நானூற்றுப் பன்னிரண்டின் பற்கள் நிர்வாகத்துக்கு ஒத்துழைக்க மறுப்பதால், ஆண்டு விழா மேடையில் இயக்குநர் முன்னிலையில் நோயாளி இளஞ்சிவப்புத் தாளில் கையெழுத்திடுவார், தொடர்ந்து பற்கள் அகற்றப்படும். அதே விழாவில் புதுப்பிக்கப்பட்ட லிஃப்டையும் இயக்குநர் திறந்துவைப்பார். கையெழுத்திட மறுத்தால் சங்கத்தின் வைத்திய அட்டை ரத்து.

ஆறு வருஷம் கழித்து அந்த லிஃப்டைப் பழுது பார்க்க அழைக்கப்பட்டிருந்தவன் தையற்காரியின் புருஷன்தான். விசாரணை முடிந்து அவள் வந்தபோது, அவன் லிஃப்டுக்குள் குந்தியிருந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஊசி டாக்டரும் அங்கேதான் நின்றார். அவர் அறையில் மின்விசிறி இல்லாததால் காற்று வாங்க லிஃப்ட் பக்கம் வருவார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"அட்டை போனா போகட்டும்," என்றாள். "பல்லைத் தர மாட்டேன்."

புருஷன் ஒயரைக் கீழே வைத்தான். லிஃப்டின் கூரையைப் பார்த்தான். "டாக்டரம்மா, ஒரு சந்தேகம். இந்த லிஃப்ட் எந்தப் பிரிவு?"

"எந்தப் பிரிவும் இல்லை. அதானே ஆறு வருஷச் சண்டையே."

"கீழே நின்னா கீழ்ப்பிரிவு ஆளு கேட்பான். மேலே நின்னா மேல்பிரிவு. நடுவுல நிறுத்தினா?"

ஊசி டாக்டர் கண்ணாடியைத் தேடினார். இந்த முறை அது நெற்றியில் இருப்பது உடனே அவருக்கு ஞாபகம் வந்தது. "படுக்கையோட நோயாளியைக் கொண்டுபோற லிஃப்ட். நல்ல அகலம்," என்றார் மெதுவாக. "எங்கிட்ட என் பழைய கருவிப் பெட்டி இருக்கு. எட்டு வருஷமா வாராவாரம் கருவிகளை வேக வெச்சு, உறை போட்டு, திரும்பப் பெட்டிக்குள்ள வெச்சுக்கிட்டிருக்கேன். எதுக்குன்னு எனக்கே தெரியலை."

"மாட்டிக்கிட்டா உங்க வேலைக்கு?"

"என்ன பண்ணுவாங்க? ஊசி அறைக்கு மாத்துவாங்களா?"

விழாவுக்கு முந்தைய மத்தியானம் லிஃப்டின்மேல் "பழுது" என்று பலகை தொங்கியது. உள்ளே தையற்காரி கடையிலிருந்து கொண்டுவந்த மெத்தை நாற்காலி, வெந்நீர்ப் பாத்திரம், வெள்ளைத் துணிகள், துப்புவதற்கு மூடியோடு ஒரு வாளி. புருஷன் தன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டான். பொத்தானை அமுக்கினான். லிஃப்ட் கிளம்பி, இரு தளங்களுக்கும் நடுவில் ஒரு குலுக்கலோடு நின்றது.

ஊசி டாக்டர் வலது பக்கம் மேலும் கீழும் ஊசி போட்டார். உதடு தடித்து, அவளுடையதல்லாதது போல் ஆனது. பிறகு சுரண்டும் சத்தம். மண்டைக்குள்ளேயே யாரோ பாத்திரம் தேய்ப்பதுபோல் இருந்தது. வலியில்லை, ஆனால் இருபத்தைந்து வருஷம் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த ஏதோ பிரிந்து வருவது அவளுக்குத் தெரிந்தது. கறுப்பும் பழுப்புமாகச் சின்னச் சின்னத் துணுக்குகள் துணியில் விழுந்தன.

"இதெல்லாம் என் வாயிலயா இருந்தது?" என்றாள் தடித்த நாக்கால்.

"விளக்கு ஆடுது, ஒழுங்காப் பிடிங்க," என்றார் டாக்டர் புருஷனிடம்.

"எனக்குத் தலை சுத்துது டாக்டரம்மா."

"லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தலை சுத்தலாமா?"

அப்போது மாடியிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். மேல் வலதின் குரல். "உள்ளே யாரு?"

"மெக்கானிக்குங்க! ரிப்பேர் நடக்குது!"

"லிஃப்ட் இப்ப எந்தத் தளத்துல இருக்கு?"

"எதுலயும் இல்லீங்க!"

பிறகு காலடி ஓசை விலகியது. எந்தத் தளத்திலும் இல்லாத ஒன்றைப் பற்றிப் புகார் எழுத நிலையத்தில் தாள் அச்சடிக்கப்பட்டிருக்கவில்லை.

மறுநாள் இடது பக்கம். விழா மூன்று மணிக்கு. அவர்கள் ஒன்றரைக்கே மேலேறிவிட்டார்கள். ஆனால் காரை நினைத்ததைவிடக் கெட்டியாக இருந்தது. கீழே நாற்காலிகள் இழுபடும் சத்தம், ஒலிபெருக்கி கரகரக்கும் சத்தம், பிறகு கைதட்டல் எல்லாம் கேட்டன. கடைசியாக டாக்டர் கீழ் நடுப்பற்கள் இரண்டுக்கும் நடுவில் கருவியை விட்டார். எந்தக் கோப்பிலும் இல்லாத அந்த இடத்தில் ஏழெட்டு நிமிஷம் வேலை நடந்தது.

"முடிஞ்சது," என்றார் டாக்டர். பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து ஒரு வாரத்துக்கான மாத்திரையை எழுதினார். கீழே, "முழு வாய்க்கும்" என்று எழுதி இரண்டு கோடு போட்டார். "தெருமுனைக் கடையில வாங்கிக்குங்க. ஒரு வேளைகூட விடாம முழுசாப் போட்டு முடிக்கணும். இனிமே நூலைப் பல்லால கடிச்சீங்கன்னா நானே வந்து பிடுங்கிடுவேன்."

வெளியே இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். "...மேல் தாடையையும் கீழ் தாடையையும் இணைக்கும் இந்தப் பாலத்தை இப்போது திறந்துவைக்கிறேன்!" லிஃப்ட் வாசலின் குறுக்கே சிவப்பு ரிப்பன். இயக்குநரிடம் தட்டில் கத்தரிக்கோல் நீட்டினார்கள். அவர் ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் கைக்குட்டையுமாக நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு மேஜைமேல் இளஞ்சிவப்புத் தாளும் பேனாவும் தயாராக இருந்தன. முன்வரிசையில் நான்கு தலைவர்கள். நாலாவது வரிசையில், தங்கைக்காகப் பல் செட் போட்டுக்கொண்டு வந்திருந்த அக்கா.

லிஃப்ட் தானாகக் கீழே இறங்கியது. கதவு திறந்தது. உள்ளே தையற்காரி நின்றாள். இடது கன்னம் வீங்கினாற்போல் மரத்து, உதடு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. முகத்துக்கு நேரே ரிப்பன். பழக்கதோஷத்தில் அதைப் பிடித்து வாய்ப்பக்கம் கொண்டுபோனாள்.

"பல்லால வேணாம்!" என்றார் பின்னாலிருந்து ஊசி டாக்டர்.

அவள் நின்றாள். பையைத் துழாவித் தன் தையல் கத்தரியை எடுத்தாள். உள்பக்கமிருந்து ரிப்பனை வெட்டினாள். இரண்டு முனையும் இயக்குநரின் காலணிமேல் விழுந்தன.

"அந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போத மாத்தேன்," என்றாள், இயக்குநர் முன்னால் இருந்த மைக்கில். உதடு ஒத்துழைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. "சுத்தம் பண்ணியாச்சு. இருபத்தெத்தும் இருக்கு. வேணும்னா எண்ணிக்கிங்க. பிரிவு பிரிவா வந்து எண்ணிக்கிங்க."

அப்போது நாலாவது வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அக்கா சிரித்தாள். கை மடியிலேயே இருந்தது. பல் செட் ஒரு தடவை குதித்துத் திரும்ப உட்கார்ந்தது. அதற்கும் அவள் சிரித்தாள். அடுத்த தெருவில் பழக்கடைக்காரர் எட்டிப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள்.

"எந்தப் பிரிவில் செய்தது?" என்று இயக்குநர் கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டார்.

"லிஃப்துல."

விசாரணை ஐந்து வாரம் நடந்தது. குற்றம் நடந்த இடம் எது என்பதை நிர்ணயிக்க முடியவில்லை. மேல்பிரிவுகள் அது கீழே என்றன. கீழ்ப்பிரிவுகள் அது மேலே என்றன. நடுப்பற்களின் ஈறு தங்களுடையதல்ல என்று கீழ் வலதும் கீழ் இடதும் ஏற்கெனவே எழுத்தில் கொடுத்திருந்ததால், அது தொடப்பட்டதாக யாரும் புகார் செய்யவும் முடியவில்லை. அட்டையை ரத்து செய்யும் கோப்பு பதினோராவது கையெழுத்துக்காக மேல் வலதின் மேஜைக்குப் போய், அங்கே நின்றது. முடிவில் ஒழுங்கு நடவடிக்கையாக ஊசி டாக்டர் மாடிப்படி அறையிலிருந்து லிஃப்டுக்கு மாற்றப்பட்டார்.

எட்டு வாரம் கழித்துத் தையற்காரி திரும்ப அளந்து பார்த்துக்கொள்ளப் போனாள். அவள் ஈறில் ரத்தம் வருவது நின்றிருந்தது. நடுப்பற்கள் லேசாக ஆடின. ஆனால் ஊன்றி நின்று ஆடின. நூலைக் கத்தரியால் அறுக்கப் பழகிவிட்டாள். புருஷன் இப்போது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பிப் படுத்தான்.

லிஃப்டில் "பழுது" பலகை தொங்கியது. சாப்பாட்டு இடைவேளை. அதன் முன்னால் ஒரு வரிசை நின்றது. கீழ் இடது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மேல் வலது அவளைப் பார்த்ததும், படியேறப் போகிறவர்போல் ஒரு அடி வைத்தார். ஒரு நோயாளியைக் கண்டு அவர் அசைந்ததை அன்றுதான் நிலையத்தில் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

லிஃப்ட் இறங்கிக் கதவு திறந்தது. "வந்தீங்களா, நல்லதாப் போச்சு," என்றார் ஊசி டாக்டர். "எழுத ஆளில்லாம கஷ்டப்படறேன். இவரை முடிச்சுட்டு உங்களைப் பார்க்கிறேன். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல எழுதுங்க."

தையற்காரி அளவெடுக்கும் நோட்டைத் திறந்தாள். கழுத்து, தோள், மார்பு என்று கோடு போட்டிருந்த பக்கத்தில், டாக்டர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனாள். மெத்தை நாற்காலியில் சாய்ந்திருந்தவர் வாயைத் திறந்து வைத்திருந்ததால் ஒன்றும் பேச முடியவில்லை. கைக்குட்டை அவர் மடியில் கிடந்தது. அதில் சிவப்புப் பொட்டுகள் இருந்தன.

இயக்குநரின் கீழ் நடுப்பற்கள் இரண்டிலும் ஆழம் ஏழு மில்லிமீட்டர். இரண்டும் ஆடின.